பேச்சாளர் எண் 14

அச்சுப்பொறி அன்று காலையில் இரண்டு முறை காகிதத்தைக் கடித்துக்கொண்டு நின்றுவிட்டது. மூன்றாம் முறை செங்குட்டுவன் சார் மூடியைத் திறந்து, தன் விரலாலேயே உருளையைச் சுற்றிவிட்டார். பட்டியல் கறகறவென்று வரத் தொடங்கியது. முதல் தாளைக் கிழித்தெடுத்தவர் நின்ற இடத்திலேயே அதைப் படித்துவிட்டு, மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டார். சந்தோஷம் வந்தால் அவர் அப்படித்தான் செய்வார்.

“கரோலின், இங்க வாங்க. உங்க வடசென்னை நம்மள ஏமாத்தல. மூணு சொல் தொடர்ல முதல் இடம் எதுக்குன்னு பாருங்க.”

கரோலின் எழுந்துபோய்ப் பார்த்தாள். தாளின் உச்சியில், புள்ளி புள்ளியான எழுத்தில், அந்த வரி இருந்தது. ‘பாப்பாக்கு தெரிய வாணாம்.’ பக்கத்தில் எண் நாற்பத்தொன்று. ஒன்பது மணி நேரப் பேச்சு, ஒரே பேச்சாளர், எண் பதினான்கு. அவளுக்கு முதலில் ஒன்றும் உறைக்கவில்லை. வேறு யாருடைய வீட்டுக் கடிதத்தையோ தவறுதலாகப் பிரித்துவிட்டதுபோல் ஒரு சின்னச் சங்கடம் மட்டும்தான். பிறகு, தன்னை வீட்டில் கூப்பிடும் பெயர் அது என்பது, மாடிப்படியில் யாரோ ஏறி வருவதுபோல நிதானமாக வந்து சேர்ந்தது.

அடையாற்றில் ஒரு பழைய பங்களாவின் மாடியில் இருந்தது அந்த ஆய்வுக்கூடம். கணினிக்குத் தமிழ் சொல்லிக்கொடுக்கிறோம் என்று வெளியாட்களிடம் சொல்வார்கள். யூனிகோடு அப்போதுதான் மெல்ல வந்துகொண்டிருந்தது. ஒரு கணினியில் அடித்த தமிழ் அடுத்த கணினியில் கட்டம் கட்டமாகத் தெரியும். அதற்குள்தான் அவர்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு வரும் சொற்களைத் தேடிக்கொண்டிருந்தார்கள். ஒரு வாக்கியத்தில் ‘காது குத்தினார்கள்’ என்று வந்தால், அங்கே ஒரு குழந்தை மாமன் மடியில் உட்கார்ந்து அழுகிறதா, அல்லது நான்கு பேர் சேர்ந்து ஒருவனிடம் பொய் சொல்கிறார்களா? கணினிக்குத் தெரியாது. அதற்குத் தெரிந்தது எண்ணுவது மட்டும். ‘காது’ எத்தனை முறை, ‘குத்து’ எத்தனை முறை, இரண்டும் அடுத்தடுத்து எத்தனை முறை. தற்செயலாக நடக்கக்கூடியதைவிட அதிகமாக அவை சேர்ந்து வந்தால், பட்டியலில் மேலே தூக்கி வைத்துவிடும். அப்புறம் ஒரு மனிதப்பிறவி உட்கார்ந்து குறி போட வேண்டும். சொல்லுக்குச் சொல் பொருள் சரியாக இருந்தால் ‘நே’, நேர்ப்பொருள். சொற்கள் சேர்ந்து வேறொன்றைச் சொன்னால் ‘ம’, மரபுத்தொடர். இரண்டு வருடமாக அந்த மனிதப்பிறவி கரோலின்தான். அவளுக்கு நல்ல காது என்று எல்லாரும் சொன்னார்கள். செய்தித்தாள்களிலும் பாடப்புத்தகங்களிலும் கிடைத்ததெல்லாம் சலித்துப்போய், இனி வாயால் பேசுகிற தமிழ் வேண்டும் என்று சார் முடிவு செய்தபோது, ராயபுரத்திலிருந்து வருகிறவள் என்பதால் வடசென்னை அவள் பங்குக்கு வந்தது.

பக்கத்து மேசையிலிருந்த கார்குழலியும் எழுந்து வந்தாள். அவள் கோயம்புத்தூர்க்காரி. நல்ல தோழி. மெட்ராஸ் பாஷையை அப்படியே பேசிக் காட்டுவாள், கொஞ்சம் அதிகமாகவே.

“தெரிய வாணாமா? இன்னாமே இது, பாப்பாக்குத் தெரிய வாணாம்!” என்று ராகம் போட்டாள். எல்லாரும் சிரித்தார்கள். கரோலினும் சிரித்தாள். தன் சிரிப்பு மற்றவர்களுடையதைவிட அரை நொடி பிந்தி வந்தது அவளுக்கே கேட்டது.

“ஆனா சார், இது சாதாரணமா நேர்ப்பொருள்தானே? யாரோ ஒரு பாப்பா. அந்தப் பாப்பாகிட்ட இந்தம்மா எதையோ மறைக்கறாங்க. அவ்வளவுதான்” என்றாள் கார்குழலி.

சாரின் கண்ணாடி நெற்றியிலிருந்து மூக்குக்கு இறங்கியது. “அப்படின்னா அது ஒரு குடும்பத்து சமாச்சாரம். நமக்குப் பிரயோஜனம் இல்ல.”

“ஒலியக் கேட்டா தெரிஞ்சிடும். இருங்க, ஸ்பீக்கர்ல போடறேன்.” கார்குழலியின் கை எலிப்பொறிக்கு நீண்டது. மவுஸை அப்படித்தான் சொல்ல வேண்டும் என்பது சாரின் வேடிக்கையான கட்டளை.

“வேணாம்” என்றாள் கரோலின். குரல் தேவைக்குமேல் உரத்து வந்தது. “அது வழக்கு. எங்க பக்கத்துல அப்படிச் சொல்வாங்க. பாப்பான்னா யாரையும் குறிக்காது. நமக்குள்ள இருக்கட்டும், வெளிய போக வேண்டாம்னு அர்த்தம். பொம்பளைங்க பேசி முடிக்கறப்ப சொல்றது.”

சொல்லி முடித்த பிறகுதான் அது எவ்வளவு சுத்தமாக வந்துவிட்டது என்று அவளுக்குப் புரிந்தது. எந்தத் திக்கலும் இல்லை. இரண்டு வருடமாக ஆயிரக்கணக்கான தொடர்களுக்குப் பொருள் எழுதிய பழக்கம்.

சார் நாற்காலியில் உட்கார்ந்தார். கண்ணாடி மறுபடி நெற்றிக்கு ஏறியது. “பாப்பான்னு சொல்றோம், ஆனா பாப்பாவே கிடையாது! எந்த அகராதியிலயும் இல்லாத தொடர். கரோலின், இத நீங்க முன்னமே ஏன் சொல்லல? ஹைதராபாத் கட்டுரைக்கு இதுதான் முதல் உதாரணம். ஒலியோடயே போடுவோம்.” அவர் ஒரு தாளை எடுத்துக் கணக்கு வாத்தியார்போல் அடுக்கினார். அந்தப் பேச்சாளரிடம் நேரில் போய், இந்தத் தொடரை வேறு எங்கெல்லாம் சொல்வார் என்று மூன்று உதாரணம் கேட்டு வர வேண்டும். ஒலியைப் பயன்படுத்த ஒப்புதல் படிவத்தில் கையெழுத்து வாங்க வேண்டும். திங்கட்கிழமை கட்டுரை போயாக வேண்டும். அன்றைக்கு வியாழன்.

“அந்தம்மாவ உங்களுக்கு நல்லாத் தெரியும் இல்ல?” என்று கேட்டார்.

“தெரியும் சார். எங்க ஏரியாதான்.”

*

அந்தம்மா அடைக்கலமேரி. கரோலினின் அம்மா.

முதலில் அவள் நேர்மையாகத்தான் தொடங்கினாள். கைக்கு அடக்கமான அந்தப் பதிவுக்கருவியைக் கொண்டுவந்து சாப்பாட்டு மேசைமேல் வைத்து, “சும்மா பேசும்மா, எதையாவது” என்றாள். அம்மா முகத்தைத் துடைத்துக்கொண்டு, பூசைக்குப் போகிறவள்போல முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு, “எனது பெயர் அடைக்கலமேரி. நான் இராயபுரத்தில் வசித்து வருகிறேன். எனது கணவர் காலஞ்சென்ற தாமஸ் அவர்கள் துறைமுகத்தில் பணிபுரிந்தார்” என்று ஆரம்பித்தாள். இருபது நிமிடம் அப்படியே பேசினாள். கோயில் அறிவிப்பு மாதிரி இருந்தது. அக்கம்பக்கத்து அம்மா ஒருவர் பேசியது என்று சொல்லி அதைக் கொண்டுபோய்க் கொடுத்தபோது, சார் சிரித்துக்கொண்டே திருப்பிக் கொடுத்தார். “யாரும் பேசற தமிழ் இல்ல இது. பக்கத்துல நீங்க இல்லாதப்ப அவங்க பேசறது வேணும்.”

அந்த வாக்கியம் எங்கே போய்த் தைத்தது என்று அவருக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. ஒன்பதாம் வகுப்பில், கான்வென்ட்டுக்குப் போகும் அவசரத்தில், “டிபன் பாக்ஸ் அங்க கீது பாரு” என்ற அம்மாவிடம், “கீது இல்லம்மா, இருக்கு. இ-ரு-க்-கு” என்று கரோலின் எழுத்துக்கூட்டிச் சொன்னாள். அம்மா கோபித்துக்கொள்ளவில்லை. அன்று சாயங்காலமே “இருக்குது” என்று சொல்ல ஆரம்பித்தாள். வூடு வீடானது. இன்னா என்ன ஆனது. மகள் வீட்டுக்குள் நுழைந்ததும் அம்மாவின் வாய் செருப்பைக் கழற்றி வைப்பதுபோல் ஒன்றைக் கழற்றி வைத்துவிடும். பதினைந்து வருடத்தில் கரோலின் அதற்குப் பழகிப்போய், அம்மா பேசுவதே அப்படித்தான் என்று நம்பத் தொடங்கியிருந்தாள்.

ஆகவே மாதா படத்துக்குப் பின்னால் கருவியை வைத்தாள். ஐந்து நாள். காலையில் கிளம்பும்போது ஓட விட்டுவிட்டுப் போவாள். மத்தியானம் அம்மாவின் தோஸ்து எல்சி வருவாள் என்று அவளுக்குத் தெரியும். பதிந்ததை ஒருநாள்கூட அவள் முழுசாகக் கேட்கவில்லை. முதல் பத்து நிமிடம் ஓட்டிப் பார்த்தாள். அம்மா எல்சியிடம் யாரையோ திட்டிக்கொண்டிருந்தாள், எச்சில் தெறிக்க, அவ்வளவு சந்தோஷமாக. அதற்குமேல் கேட்க என்னவோபோல் இருந்தது. துண்டு துண்டாக வெட்டித் திருவல்லிக்கேணியில் தட்டச்சு செய்கிற மூன்று பேரிடம் பிரித்துக் கொடுத்துவிட்டாள். படிவத்தில், பேச்சாளர் எண் 14, பெண், வயது 51, தொழில் மீன் விற்பனை, இடம் மட்டும் ராயபுரத்துக்குப் பதில் காசிமேடு என்று தன் கையாலேயே எழுதினாள். எண்ணாக இருந்தபோது அம்மாவின் தொழிலை எழுத அவளுக்குத் தயக்கம் இருக்கவில்லை. கார்குழலி ஒருமுறை, “உங்கம்மா என்ன பண்றாங்க?” என்று கேட்டபோது, “வீட்டுலதான் இருக்காங்க” என்றுதான் வாயில் வந்தது.

அது ஒருவகையில் உண்மையாகவும் இருக்க வேண்டியது. வேலை கிடைத்த முதல் மாதமே, “இனிமே நீ கூடை தூக்க வேண்டாம்மா. ஊர்ல என்ன நெனைப்பாங்க, பொண்ணு சம்பாதிக்கறா, அம்மா மீன் விக்கறான்னு” என்று கேட்டுக்கொண்டாள். அம்மா சரி என்றாள். தான் பாசத்தில்தான் அப்படிக் கேட்டதாகக் கரோலின் நினைத்தாள்.

*

மறுநாள் மத்தியானம் எல்லாரும் சாப்பிடப் போன பிறகு, அவள் நாற்பத்தொரு இடங்களையும் திரையில் கொண்டுவந்தாள்.

அந்த மென்பொருள் ஒரு தொடரைக் கேட்டால், அது வரும் வாக்கியங்களையெல்லாம் ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கிக் காட்டும். தேடிய தொடர் நடுவில், அதற்கு முன்னால் பேசியது இடப்பக்கம், பின்னால் பேசியது வலப்பக்கம். ஆகவே ‘பாப்பாக்கு தெரிய வாணாம்’ திரையின் நடுவே மேலிருந்து கீழாக ஒரு சுவர்போல் நின்றது. அதற்கு இடப்புறம் அவளுக்குத் தெரிய வேண்டாதவை.

பல் ஒன்று ஆடுகிறது, ஒரு பக்கமாக வைத்துத்தான் மெல்கிறாள். அப்பாவின் படத்துக் கண்ணாடி துடைக்கும்போது கீறல் விட்டுவிட்டது, சந்தனப் பொட்டை அதன்மேல் பெரிதாக வைத்து மறைத்திருக்கிறாள். கையில் இறால் முள் குத்திய இடம் பழுத்துவிட்டது, தண்ணீரில் கை வைக்கக் கூடாது என்று டாக்டர் சொன்னார். மண்ணடியில் மதார் சாகிப் வீட்டு அம்மா நோன்புக் கஞ்சி கொடுத்தார், இவள் இரண்டு கிளாஸ் குடித்தாள். ஞானஸ்நானத்துக்கு அழைக்க வந்த சொந்தக்காரரிடம், பாப்பாவுக்கு வேலை அதிகம் என்று அம்மாவே சொல்லி அனுப்பிவிட்டாள், ஏனென்றால் பாப்பாவுக்கு அங்கெல்லாம் வரப் பிடிக்காது.

சிலது பெரிய விஷயமேகூட இல்லை. கறிவேப்பிலைக் கன்று செத்துப்போனது. ஒரு பூனை.

கரோலின் ஹெட்போனைக் காதில் மாட்டிக்கொண்டாள். எழுத்தில் படித்துவிட்டுக் குறி போட்டிருக்கலாம். ஆனால் குறி போடுகிறவர் சந்தேகம் வந்தால் ஒலியைக் கேட்க வேண்டும் என்பது விதி, அதை எழுதியதே அவள்தான்.

“அவ ஷாம்பூல நாலு சொட்டு எடுத்துக் கைல தேச்சிகினேன்டி. எல்மிச்சம்பயம் தேச்சாலும் போவல, சோப்பு போட்டாலும் போவல, இந்த வாட. அத்தப் போட்டா கொஞ்சம் அடங்குது. பாப்பாக்கு தெரிய வாணாம், இன்னா?”

“ஒன் பொண்ணு மூக்கு இன்னா போலீஸ் நாய் மூக்கா?” இது எல்சி.

“அய்ய, போடி. கொழந்த நல்ல எடத்துல வேல செய்றா. நாலு பேரு பக்கத்துல குந்துவாங்க. அவ துணில ஒட்டிகினா?”

குரலில் புகாரே இல்லை. அதுதான் அவளால் தாங்க முடியவில்லை. கீது, வூடு, நாஸ்டா, பேஜாரு என்று அம்மாவின் பேச்சு கடற்கரையில் அவிழ்த்துவிட்டதுபோல ஓடிக்கொண்டிருந்தது. இடையிடையே அம்மா சிரித்தாள். வயிற்றிலிருந்து வரும் ஒரு சிரிப்பு. அந்தச் சிரிப்பைக் கரோலின் கடைசியாக எப்போது கேட்டாள் என்று யோசித்துப் பார்த்தாள். எட்டிப் பிடிக்க முடியவில்லை.

முப்பத்தேழாவது இடத்தில் அவள் நின்றாள். இடப்பக்கத்தில் ‘பாரீஸ்’ என்று தெரிந்தது. பாரிமுனையை அம்மா அப்படித்தான் சொல்வாள்.

நான்கு மாதத்துக்கு முன்பு, பர்மா பஜாரில் வெற்றுக் குறுந்தகடு வாங்குவதற்காக ஆய்வுக்கூடத்திலிருந்து மூன்று பேர் வந்திருந்தார்கள். திரும்பும்போது பாரிமுனையில் பேருந்துக்கு நின்றார்கள். மண்ணடிப் பக்கத்திலிருந்து அம்மா வந்துகொண்டிருந்தாள். தலையில் கூடை. கூடையின் ஓரத்திலிருந்து தண்ணீர் சொட்டித் தோளில் இறங்கிக்கொண்டிருந்தது. விட்டுவிட்டதாகச் சொன்ன தொழில். கார்குழலி துப்பட்டாவால் மூக்கை மூடிக்கொண்டு இரண்டடி தள்ளி நின்றாள். கரோலின் சட்டென்று குனிந்து செருப்பின் வாரைச் சரி செய்தாள். சரி செய்துகொண்டே இருந்தாள். நிமிர்ந்தபோது அம்மா சாலையைத் தாண்டிப் போய்விட்டிருந்தாள். அன்று இரவு அம்மா எதுவும் கேட்கவில்லை. கூடையைப் பற்றிக் கரோலினும் கேட்கவில்லை. அம்மா தன்னைப் பார்க்கவில்லை என்று நான்கு மாதமாக நம்பியிருந்தாள். நம்புவது கஷ்டமாக இல்லை.

ஒலியை ஓட்டினாள்.

“...பாரீஸாண்ட பாப்பா நின்னுகினு இருந்துச்சி. கூட ரெண்டு மூணு பொண்ணுங்க. எனக்குன்னா ஒரே குஷி. கூப்பிடலாம்னு வாயத் தொறந்தேன். டக்குனு குனிஞ்சிகிச்சி. செருப்பு அறுந்துபோச்சின்னு நெனச்சேன்டி மொதல்ல. அப்பால பாத்தா, புதுச் செருப்பு. அதுக்கு முந்தின வாரந்தான் வாங்கினா.”

இடையில் குழாயில் தண்ணீர் விழுகிற சத்தம்.

“நீ கூப்பிட்ருக்கணும் மேரி. நானா இருந்தா கூடையோட போய் நடுவுல நின்னிருப்பேன்.”

“சும்மா கெட. புள்ள பேஜாராயிடும். நான் அப்டியே இந்தாண்ட திரும்பிகினேன். நான் பாத்தது பாப்பாக்கு தெரிய வாணாம். வாயத் தொறந்த, பாத்துக்கோ.”

கரோலின் ஹெட்போனைக் கழற்றி மேசைமேல் வைத்தாள். அதிலிருந்து அம்மாவின் குரல் பூச்சியின் சத்தம்போலச் சின்னதாக வந்துகொண்டே இருந்தது. திரையில் முப்பத்தேழாவது வரிக்கு நேராகக் குறி போடும் கட்டம் காலியாக இருந்தது. பாப்பா என்றால் யாரையும் குறிக்காது என்று நேற்று எவ்வளவு எளிதாகச் சொன்னோம் என்று நினைத்தாள். பாரிமுனையில் குனிந்தது ஒரு கணத்துத் தவறு என்றாவது சொல்லிக்கொள்ளலாம். நேற்று மறைத்தது அம்மாவை மட்டும் இல்லை. அம்மாவின் நாற்பத்தொரு பாப்பாக்களையும் ஒரே வாக்கியத்தில் ஆள் இல்லாத சொல்லாக்கிவிட்டு, அதற்குப் பாராட்டும் வாங்கிக்கொண்டிருந்தாள். இனி அது அச்சில் ஏறும். யாரோ ஓர் ஊரில் ஒரு மாணவன் அதை மேற்கோள் காட்டுவான். வடசென்னைப் பெண்கள் பேச்சை முடிக்கும்போது சொல்வது.

சாரின் அறைக்குப் போய்ச் சொல்லிவிடுவது என்று எழுந்தாள். அது எங்க அம்மா சார். நான்கு சொல். வாசல்வரை போனாள். உள்ளே அவர் யாரிடமோ தொலைபேசியில், “எங்க பொண்ணு ஒருத்தி கண்டுபிடிச்சா, அற்புதமான காது” என்று சொல்லிக்கொண்டிருந்தார். அவள் அரைநாள் விடுப்புக் கடிதத்தை அவர் மேசையில் வைத்துவிட்டு வந்துவிட்டாள்.

*

எல்சியின் வீடு காசிமேட்டில் குடியிருப்பு வாரியக் கட்டடத்தின் தரைத்தளத்தில் இருந்தது. அம்மா கூடையை அங்கே வைத்து, குளித்துவிட்டுத்தான் வீடு திரும்புவாள் என்று ஒலியில் கேட்டிருந்தாள். வாசலில் கவிழ்த்து வைத்த இரண்டு கூடைகள். ஒன்று அம்மாவினுடையது. கரோலின் அந்தப் பக்கம் வந்து ஆறு வருடம் இருக்கும். எல்சி படியில் குந்தி நண்டின் காலை உடைத்துக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்த்தவள், கையிலிருந்ததைப் போட்டுவிட்டு, வந்தவளைப் பார்த்துப் பேசாமல் உள்ளே பார்த்துக் கத்தினாள்.

“அடியே மேரி, பாப்பா வந்துகீதுடி!”

உள்ளே ஒரு சொம்பு உருண்டது. கொஞ்சம் கழித்து அம்மா வெளியே வந்தாள். தலை நனைந்திருந்தது. வீட்டிலிருந்து காலையில் உடுத்திப் போன புடவையே, ஆனால் அவசரத்தில் கொசுவம் ஒருபக்கமாக ஏறியிருந்தது. ஷாம்பூ வாசனை வந்தது.

“எல்சிக்கு உடம்பு சரியில்லைன்னு பாக்க வந்தேன், பாப்பா” என்றாள் அம்மா, கோயில் தமிழில்.

எல்சி உடனே இரண்டு முறை இருமினாள். “ஆமா மேடம். ஜொரம். இப்பத்தான் இறங்குச்சி.”

“அம்மா, ஒரு கையெழுத்து வேணும்” என்றாள் கரோலின்.

படியிலேயே உட்கார்ந்தாள். படிவத்தை மடியில் விரித்துக்கொண்டு, அதைப் பார்த்தபடியே சொன்னாள். “நீ பேசினத ரெக்கார்டு பண்ணினேன். உனக்குத் தெரியாம. போன மாசம் அஞ்சு நாள். மாதா படத்துக்குப் பின்னால வச்சிருந்தேன்.”

“அந்தக் கறுப்பு டப்பாவா?” அம்மா வியப்போடு கேட்டாள். “சார்ஜு ஏறுதுன்னு இல்ல நெனச்சேன். தூசி தட்டும்போதுகூட நான் அதைத் தொடல, பாப்பா. உன் ஆபீஸ் சாமான்னு.” தான் எதையாவது கெடுத்துவிட்டோமா என்பதுதான் அவள் முகத்தில் முதலில் வந்தது. அப்புறம்தான் அவள் மெதுவாக எல்சியைப் பார்த்தாள். எல்சி நண்டைப் பார்த்தாள்.

“எது வரைக்கும் கேட்ட?”

“எல்லாத்தையும்.”

அம்மா உள்ளங்கையில் பழுத்து ஆறிய வடுவை மற்றக் கைக் கட்டைவிரலால் தேய்த்தாள். “பாரீஸ்...”

“கேட்டேன்.”

எல்சி எழுந்தாள். “தண்ணி லாரி வந்துட்டாப்ல கீது” என்று ஒரு குடத்தைத் தூக்கிக்கொண்டு நடந்தாள். தெருவில் லாரி எதுவும் இல்லை. மூலைவரை போய் அங்கே காலிக் குடத்தோடு நின்றுகொண்டாள்.

அம்மாவும் மகளும் படியில் உட்கார்ந்திருந்தார்கள். மன்னிச்சிடும்மா என்று சொல்லக் கரோலின் வாயைத் திறந்தாள். அந்தச் சொல்லும் இரண்டு சொற்கள் ஒட்டிக்கொண்டு, எத்தனையோ பேர் வாயில் தேய்ந்து, எதையும் தூக்க முடியாததாகிவிட்ட ஒன்றாக இருந்தது. கடற்காற்று நண்டு ஓடுகளைப் படியிலிருந்து ஒவ்வொன்றாக உருட்டிக்கொண்டிருந்தது.

“அத்த அங்க எல்லாரும் கேட்டாங்களா?” அம்மாவின் வாயில் அத்த என்று வந்துவிட்டது. அவள் திருத்திக்கொள்ளவில்லை.

“ஒரு வரி படிச்சாங்க. இனிமே கேப்பாங்க. ஹைதராபாத்ல போடுவாங்க.”

“சிரிச்சாங்களா?”

கரோலின் படிவத்தின் மடிப்பை விரலால் நீவினாள்.

“சிரிச்சா சிரிச்சிட்டுப் போறாங்க. நான் ஒண்ணும் அவங்கள அப்பா ஆயின்னு திட்டலியே. திட்டினனா?” அம்மா யோசித்தாள். “அந்தக் கண்டக்டரத் திட்டினேன். கூடய ஏத்தக் கூடாதுன்னான், அவன.” பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு, தெருவில் யாருமில்லாதபோதும் மகளின் பக்கம் சாய்ந்து கேட்டாள். “நான் யாருன்னு அவங்களுக்குத் தெரியுமா?”

“தெரியாது.”

அம்மா மூச்சை விட்டாள். தோள்கள் இறங்கின. எட்டு மணி நேரம் கூடை சுமந்துவிட்டு இறக்கியதுபோல அவள் முகம் அமைதியானது. “அப்ப சரி” என்றாள். “தெரிய வாணாம்.”

“அம்மா...”

“என் பேரப் போட்டீன்னா, உன் பேரோட வச்சிப் பாத்து கண்டுபுடிச்சிடுவாங்க. கணவர் பேருன்னு வேற கேட்டுகீது பாரு, தோ. தாமஸுன்னு எய்தினா மாட்டிப்ப. எல்சி பேர எய்திக்கோ. அவ ஒண்ணும் சொல்ல மாட்டா. அவ குரலும் அதுல கீதுல்ல? எல்சி, க/பெ செல்லக்கனி, காசிமேடு. கையெழுத்து வேணும்னா நானே போட்டுத் தரேன், எனக்கு அவ பேரு எய்த வரும்.”

இவ்வளவையும் அவள் உற்சாகமாகச் சொன்னாள். மகளின் வேலைக்கு முதல்தடவையாகத் தன்னால் ஏதோ உதவ முடிகிறது என்பதுபோல. கரோலின் பையிலிருந்து பேனாவை எடுத்தாள். ‘பேச்சாளரின் பெயர்’ என்ற இடத்தில் முனையை வைத்தாள். ஒரு புள்ளி விழுந்து, மையை உறிஞ்சிக்கொண்டு பெரிதாகியது. அந்த இடத்திலிருந்து எல்சியும் தொடங்கலாம், அடைக்கலமேரியும் தொடங்கலாம்.

காற்று தாளைத் தூக்கியது. அம்மா உடனே குனிந்து அதை அமுக்கிக்கொண்டாள், தன் ஈரக் கை பட்டு நனைந்துவிடாமல் முழங்கையால், அழுந்தப் பிடித்தாள். பிடித்துக்கொண்டே, மகள் என்ன எழுதுகிறாள் என்று பார்க்காமல் இருப்பதற்காக, முகத்தைக் கடல் பக்கம் திருப்பிக்கொண்டாள். அங்கே மீன்பிடி விசைப்படகுகள் வரிசையாக ஒன்றையொன்று இடித்துக்கொண்டு அசைந்துகொண்டிருந்தன. அவள் அவற்றைக் கவனமாகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.